நட்டு விழுந்த சத்தம் கேட்கவில்லை

என் மாப்பிள்ளைக்கு லாரி ஓட்டுநர்கள் வைத்த பெயர் கடுகு. எண்ணெய் காய்வதற்குள் வெடிக்கும் கடுகு என்று நான் சேர்த்துக்கொள்வேன். மகளைக் கொடுத்தவன் என்பதால் அவரைப் புகழ்ந்து எழுத வேண்டிய கட்டாயம் எனக்கில்லை. அவர் கோபத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

இளம் வயதில் அவர் ஒரு முதலாளியிடம் கிளீனராக இருந்தார். டீசலைத் திருடி விற்றதாகச் சொல்லி, அந்த முதலாளி நாலு பேர் முன்னால் அவருடைய பையை உதறிக் காட்டச் சொன்னார். திருடியது வேறொருவன் என்று பிறகு தெரிந்தது. மன்னிப்புக் கேட்க மட்டும் யாரும் வரவில்லை. அங்கிருந்து வெளியேறியவர், பல வருடம் வாடகை வண்டி ஓட்டிச் சேர்த்து, பழைய டர்போ லாரி ஒன்றைச் சொந்தமாக வாங்கினார். அன்று அந்த முதலாளியிடம் காட்ட முடியாத கோபத்தை இன்றுவரை வீட்டில்தான் காட்டுகிறார். கையில் இருப்பதை விட்டெறிவது அவர் வழக்கம். சோற்றுத் தட்டைக்கூட என் மகள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வைப்பாள்.

போன மாதம் லாரி மேட்டில் ஏறும்போது விசில் அடித்தது, இழுவையும் குறைந்தது. எஞ்சினின் சூட்டுப் புகையை வாங்கி, அந்த வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவுக்கு அனுப்பும் வார்ப்பிரும்புக் குழாய்க்கு மேனிபோல்டு என்று பெயர். அது விரிசல் விட்டிருந்தது. ஏற்கெனவே ஒரு பட்டறையில் வெல்டிங் வைத்து ஒட்டிய அதே இடம்.

"அந்தப் பட்டறைக்காரன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன். நானே மாத்துறேன்" என்று புது மேனிபோல்டு வாங்கி வந்து, வீட்டு வாசலில் சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்தினார். அன்று மாலை லோடு ஏற்ற வேண்டும். நேரத்துக்குப் போனால் அந்த ஆலையின் லோடு வாராவாரம் அவருக்கே என்று புக்கிங் ஏஜெண்ட் சொல்லியிருந்தார்.

துருப்பிடித்த நட்டுகளை, அவற்றைச் செய்தவனின் பரம்பரையைத் திட்டிக்கொண்டே கழற்றினார். என் மகள் பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள்.

"நட்டுக்குக் காது இல்லீங்க."

"உனக்கு இருக்கில்ல? கேளு."

வேலையில் அவர் சுத்தம். புது மேனிபோல்டோடு டர்போவைச் சேர்த்துப் பலகை மேல் வைத்தபோது, மேல் நோக்கித் திறந்திருந்த வாய் ஒவ்வொன்றிலும் துணியை அடைத்தார். உள்ளே தூசி விழுந்தாலும் டர்போவுக்கு ஆகாது. இரண்டையும் இணைக்கும் கடைசி நட்டுதான் ஏறவில்லை. புது நட்டு, மரை சரியாக வெட்டப்படவில்லை. கைக்கு எட்டிய துணியை இழுத்து முகத்தைத் துடைத்துத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி முறுக்கிப் பார்த்தார்.

"பிசாசுப் பய! வீணாப் போனத என் தலையில கட்டிட்டான்!"

நட்டு சுவரை நோக்கிப் பறந்தது. அது எங்கே விழுந்தது என்று அவர் பார்க்கவில்லை. பழைய நட்டு ஒன்றைப் போட்டு முறுக்கினார். மற்றத் துணிகளையும் எடுத்துவிட்டு, நானும் அவருமாகத் தூக்கி எஞ்சினில் பொருத்தினோம்.

எல்லாம் முடிந்து அவர் சாவிக்குக் கை நீட்டியபோது, என் மகள் அதைத் தன் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"நீங்க எறிஞ்ச நட்டு எங்க?"

"ஏன், கோத்துக் கழுத்துல போட்டுக்கப் போறியா?"

"சுவத்துல பட்ட சத்தம் கேட்டுச்சு. கீழ விழுந்த சத்தம் கேக்கல."

"சாக்கடையில போயிருக்கும்."

"சாக்கடைய மூடித்தான இருக்கு? வாசல் முழுக்கக் கூட்டிப் பாத்துட்டேன். இல்ல."

நட்டு டர்போவுக்குள் விழுந்திருந்தால், உள்ளே சுழலும் சக்கரத்தில் பட்டு அதன் இதழ்கள் நொறுங்கிவிடும். இன்னொரு டர்போ வாங்க வேண்டுமானால் லாரியைத்தான் விற்க வேண்டும். அது அவருக்குத் தெரியாததல்ல.

"லோடு போயிடும்டி! குடு சாவிய!"

"போகட்டும். லோடு போனா வேற லோடு. டர்போ போனா மறுபடி எவன்கிட்டயாவது கிளீனரா நிக்கணும். நிப்பீங்களா?"

அவர் என் பக்கம் திரும்பினார். "மாமா, உங்க பொண்ணு பேசறதக் கேட்டீங்களா?"

"கேட்டேன் மாப்ளே. நட்டு விழுந்த சத்தம்தான் எனக்கும் கேக்கல."

கழற்றினார். என்னை, என் மகளை, அவளைப் பெற்ற புண்ணியவதியை, ஒருவரையும் விட்டுவைக்காமல் திட்டியபடி கழற்றினார். டர்போவைச் சாய்த்ததும் உள்ளிருந்து நட்டு உருண்டு வந்து பலகையில் நின்றது.

"யாரு இதுல இருந்த துணிய முன்னாடியே எடுத்தது?"

"உங்க தோள்ல கிடக்குது."

தோளைத் தொட்டுப் பார்த்தார். திட்டுவதற்கு ஆள் தேடுவதுபோல என்னையும் அவளையும் தெருவையும் பார்த்தார். பிறகு ஏஜெண்டுக்குப் போன் போட்டு, வண்டி இன்று வராது என்றார். அந்தப் பக்கத்துக் கூச்சல் எங்கள் வரைக்கும் கேட்டது. லோடு வேறு வண்டிக்குப் போய்விட்டது.

அவர் போனை வைத்த பிறகுதான் என் மகள் ஆரம்பித்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் குரல் தெருவுக்குக் கேட்டது அன்றுதான்.

"கோவம் வந்தா எறிவீங்க. நாங்க பொறுக்கி எடுத்து வெக்கணும். தட்டு போச்சு, ரேடியோ போச்சு, வாயத் திறந்தேனா? இன்னிக்கு என் புள்ளைங்க சோத்துல மண்ணப் போட இருந்தீங்க! எவனோ ஒருத்தன் உங்களத் திருடன்னு சொன்னான். அதுக்கு நாங்க என்ன பண்ணோம்? சொல்லுங்க, நாங்க என்ன பண்ணோம்?"

அவர் என்னைக் கைகாட்டி அழைத்தார்; இருவருமாக அதை மறுபடி தூக்கி எஞ்சினில் வைத்தோம். குனிந்து, நட்டுகளை நடுவிலிருந்து இரண்டு பக்கமும் மாறி மாறி முறுக்கினார்.

"ஆயில் பைப்பு வாஷர எடு" என்றார், தாழ்ந்த குரலில்.

"நீங்களே எடுத்துக்குங்க."

எழுந்து போய் எடுத்துக்கொண்டார்.