முட்டியால் வாசிக்கும் கிட்டார்

பெடல் ஸ்டீல் கிட்டாருக்கு இரண்டு காலும் வேண்டும் என்று எல்லாரும் சொன்னபோது முபாரக் தன் இடது காலைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. மலைப்பாதை வளைவில் ஒரு லாரிக்குக் கொடுத்தாயிற்று. "முட்டி இருக்குதுல்ல? அது போதும்" என்றார். பிடித்தால் விடமாட்டார் மனுஷர்.

ஏற்காட்டில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவருக்கு இந்த ஆசை செல்போனில் தொற்றியது. மேஜை போல் படுத்திருக்கும் கிட்டார் அது. கம்பிகளின் மேல் இரும்புத் துண்டை வழுக்கி வாசிப்பார்கள். இடது காலால் பெடலை மிதித்தால், ஒலிக்கிற கம்பியின் சுருதி ஒலித்தபடியே மேலே ஏறும். ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று மாதமும் அவரை உடையாமல் வைத்தது அந்த ஒலிதான். இதை வாசிக்க முடியாது என்றால், லாரி காலை மட்டும் கொண்டுபோகவில்லை என்று அர்த்தம். தன் உடம்புக்குத் தோதாகத் தானே ஒன்று செய்வது என்று முடிவு கட்டினார்.

பெடல்களை ஒழித்தார். அவற்றின் வேலையை இடது முட்டி தள்ளும் நெம்புகோல்களிடம் கொடுத்தார். அங்கிருந்து கம்பியை இழுக்க, பைக் கிளட்ச் கேபிள். கேபிள் வேலையில் இந்த மலையில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற தெனாவெட்டு வேறு.

வாசித்துப் பார்த்தார். அடுப்படியிலிருந்து மனைவி ஆஸ்மாவின் குரல் வந்தது.

"ஏனுங்க, சொன்னாக் கோவிச்சுக்காதீங்க. சுருதி நொம்ப லேட்டா ஏறுதுங்க."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, முபாரக் மரத்தைக் குறை சொன்னார், பனியைக் குறை சொன்னார். மூன்று முறை பிரித்து மாட்டியும் குறை அப்படியே இருந்தது.

ஒருநாள் வாழவந்தி கிராமத்திலிருந்து சின்னன் பைக்கோடு வந்து, கிளட்ச் கேபிளை நன்றாக இறுக்கச் சொன்னார்.

"இறுக்கினா மேடு ஏறயில பிளேட்டு கருகிப்போயிருமுங்க. கொஞ்சம் தொளதொளன்னுதான் இருக்கோணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்த முபாரக்கின் கை நின்றது.

இருபது வருஷப் பழக்கம். கிட்டாரின் ஒவ்வொரு கேபிளுக்கும் அதே தளர்ச்சியைக் கொடுத்திருந்தார். முட்டி தள்ளுவதில் பாதி அதிலேயே வீணாய்ப் போனது. கிட்டாருக்கு ஏது மேடு, ஏது பிளேட்? தன் மடத்தனத்தை நினைத்துச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன.

சாயங்காலம் கேபிள்களைத் தளர்ச்சியே இல்லாமல் பொருத்தினார். இத்தனை வருஷம் செய்யக்கூடாது என்றிருந்த வேலை, கை கூசியது. முட்டியால் தள்ளினார். தள்ளிய கணமே ஒலி ஏறியது.

ஆஸ்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். விபத்துக்குப் பிறகு அவள் பார்ப்பதைத் தவிர்த்துவந்த அந்த முட்டியின் மேல் கையை வைத்தாள்.

"வலிக்குதுங்களா?"

"வலிக்குது."

"இன்னொருக்கா மட்டும் வாசிங்க."

அன்றைக்கு அவர் ஒன்பது முறை வாசித்தார்.