மேட்டுக் கான்

மஸ்கெலியாவில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டுத் திட்டத்தின் கடைசி வீடு அவருடையது. ஒல்லியான ஆள், மழைக்கும் வெயிலுக்கும் தலையில் ஓர் உரப்பை. போகிற வழியில் மழைத்தண்ணீர் வடியும் கானில் இலை அடைத்திருந்தால், குனிந்து கையாலேயே அள்ளிப் போட்டுவிட்டுத்தான் நகர்வார்.

புயல் மழைக்குத் தயாராகக் குடியிருப்போர் சங்கம் கூடியது. ஒலிபெருக்கி யார் வீட்டில் இருப்பது என்பதிலேயே அரைமணி நேரம் சண்டை. அவர் எழுந்தார். "மேட்டுக் கான் மண்ணு மூடிக் கெடக்குங்க. வீட்டுக்கு ஒரு ஆளு வந்தா ஒரே நாள்ல வெட்டிறலாம்."

"அது தோட்டத்துக் கானுங்க. ஒருதரம் நாம வெட்டுனா, வருசா வருசம் நம்ம தலையிலதான் விழும். தோட்டத்துத் தொரைக்குக் கடிதம் எழுதுவோம்," என்றேன், செயலாளரான நான். எல்லோரும் தலையாட்டினார்கள்.

பதிலுக்கு முன்னே மழை வந்தது. வெள்ளம் எங்கள் வீடுகளைத் தொடவில்லை; அவர் வீட்டுச் சுவரைச் சாய்த்துவிட்டது. மறுநாள் மேட்டில் ஏறிப் பார்த்தேன். தனியாகவே வெட்டியிருக்கிறார். கானை, அது ஓடையில் விழும் முனையிலிருந்து வெட்டிக்கொண்டு வருவதுதான் முறை. அந்த முனையில் இருப்பது என் வீடு. அவர் வீட்டுக்கு மேலே உள்ள துண்டு மட்டும்தான் மிச்சம்.

பாடசாலையில் தங்கியிருந்தவரைப் பார்க்கப் போனேன். அவர்தான் முதலில் கேட்டார், கொஞ்சமும் குத்தல் இல்லாமல்: "தொரைகிட்டருந்து பதில் வந்துச்சுங்களா?"