துணிப்பந்து

2004 மார்ச் 12, வெள்ளி. எட்டரைக்குப் பனியன் கம்பெனிக்குள் நுழைந்தேன். பத்து மணிக்கு டீ. பதினொன்றுக்கு அமெரிக்க ஆர்டரின் சாம்பிள் பனியன் என் செக்கிங் மேசைக்கு வந்தது. நூறு வருடத்துக்கு முந்தைய பேஸ்பால் சீசனின் சாதனைகளை முதுகில் அச்சிட்டிருந்தார்கள். ஒரு பந்துவீச்சாளர் எதிரணியில் ஒருவரைக்கூட ஓடவிடாமல் ஆட்டத்தை முடித்தார். இன்னொருவர் நாற்பத்தொரு ஆட்டங்கள் வென்றார்.

“அந்த நாப்பத்தொண்ணுக்காரரு கடைசி நாள்ல ஒரே ஒரு பந்தைக் கை தவறி எறிஞ்சுட்டாருங்கக்கா. பட்டமே போயிருச்சுங்க” என்று, ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் சிரித்தார்.

நானும் ஒரு பந்தைக் கை தவறி எறிந்தவள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பனியன் வெட்டில் மிஞ்சிய துணியைச் சுருட்டித்தான் எங்கள் தெருவில் பந்து கட்டுவோம். தூரமாகப் பறக்கட்டும் என்று, யாருக்கும் தெரியாமல் உள்ளே ஒரு கல்லை வைத்தேன். அது கை தவறி, தம்பி செல்வத்தின் இடது கண்ணில் பட்டது.

“துணிப்பந்துதானே சாமி, ஒண்ணும் ஆவாது” என்று அப்பா அவன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டார். பந்தைப் பாவாடைக்குள் மறைத்தபடி, சாயப்பட்டறை நெடி வீசிய வாசலில் நின்றேன். கல் என்று சொன்னால் அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவார். என் தோலையும் உரிப்பார். சாயங்காலத்துக்குள் கண் வீங்கி மூடிக்கொண்டது. நான் சொல்லவில்லை. அந்தக் கண்ணுக்குப் பார்வை திரும்பவே இல்லை.

மார்ச் 13, சனி. காலையில் முதல் வேலையாகச் செல்வத்தின் வீட்டுக்குப் போய், பந்துக்குள் கல் வைத்ததைச் சொன்னேன். அவன் இடது கண்ணைத் தொட்டுக்கொண்டே கேட்டான்.

“அன்னைக்கே சொல்லியிருந்தா அப்பா என்னை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிருப்பாருங்களாக்கா?”

“போயிருப்பாரு” என்றேன்.