சிதம்பரம் கல்யாணத்துக்குப் போன குட்டி பேஸ்

போன தை மாதம் ஒரு சனிக்கிழமை, கடலூரிலிருந்து சிதம்பரம் போய் வந்தேன். மொத்தமே நாற்பத்தைந்து கிலோமீட்டர். இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று கேட்பீர்கள். ஸ்கூட்டியில் சறுக்கி விழுந்து இடது தோளின் காறை எலும்பும் மணிக்கட்டும் உடைந்த பிறகு, நான் மேடையில் வாசிக்கப் போன முதல் பயணம் இது. கையில் இருந்தது யுகுலேலே என்கிற குட்டி கிட்டார் அளவே உள்ள ஒரு பேஸ் கிட்டார். அதைப் பஸ்ஸில் கொண்டுபோக முடியுமா, கல்யாண மேடைக்குத் தாங்குமா என்று கேட்டுக்கொண்டே இருக்கும் நண்பர்களுக்காகவும் எழுதுகிறேன்.

நான் பள்ளியில் கணக்கு டீச்சர். வார நாட்களில் அது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயில் பாடற்குழுவில் பேஸ். அதே குழுவில் கீபோர்டு வாசிக்கும் அருள் தனியாக ஒரு கச்சேரி குரூப்பும் நடத்துகிறான். கல்யாணம், திருவிழா என்று அதிலும் வாசித்துக்கொண்டிருந்தேன். விபத்துக்குப் பிறகு எல்லாம் நின்றது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் நாலு கிலோ கிட்டாரைத் தோளில் மாட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாட்டாமல் மடியில் வைத்துப் பார்த்தேன். நீளமான கழுத்தின் கடைசிக் கட்டைக்குக் கை நீட்டினால் மணிக்கட்டு சுளீரென்றது. ஒரு வருஷத்துக்கு மேல் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

பிறகு பாண்டிச்சேரியில் ஒருவர் விற்க வைத்திருந்த இந்தக் குட்டி பேஸை வாங்கினேன். எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். நீளம் இரண்டரை அடி. கம்பிக்குப் பதிலாக ரப்பர் போன்ற நான்கு தடித்த தந்திகள். சுருதி பெரிய பேஸுடையதேதான். வெறுமனே மீட்டினால் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது, ஸ்பீக்கரில் போட்டால் ஜன்னல் கண்ணாடி அதிரும். வீட்டில் இரண்டு மாதம் பழகினேன். வீட்டில் வாசிப்பதும் மேடையில் இரண்டு மணி நேரம் நிற்பதும் ஒன்றல்ல என்று தெரியும். ஆனாலும் அருள் போன் செய்து, “யக்கா, சிதம்பரத்துல ஒரு கல்யாணம், மதியம் ரிசப்ஷன். முடியுமா ஒன்னால?” என்று கேட்டபோது, யோசிக்காமல் “வரேன்டா” என்று சொல்லிவிட்டேன். யோசித்தது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் பத்து மணிக்கு ஏறினேன். சிதம்பரத்துக்கு அடிக்கடி பஸ் உண்டு, ஆனால் அடுத்து ஓ.டி. என்கிற ஓல்டு டவுனில் ஏறுபவர்களுக்குக் காலை நேரத்தில் இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். பையை மடியில் நிறுத்தி வைத்துக்கொண்டேன். கண்டக்டர் அதையே பார்த்தார்.

“இன்னாம்மா அது, வயலினா?”

“பேஸ் கிட்டாருங்க.”

“இம்மாஞ் சின்னதா?”

“ஆளுதாங்க சின்னது. சத்தம் பெருசு.”

“அப்ப சத்தத்துக்குத்தான் லக்கேஜ் போடணும்” என்று சிரித்துவிட்டு, எனக்கு மட்டும் டிக்கெட் கிழித்தார். பெரிய பேஸ் இருந்த காலத்தில் அதற்கும் டிக்கெட், அதை எங்கே நிறுத்துவது என்று சண்டையும் இலவசமாகக் கிடைக்கும்.

குடிகாடு வரும்போது ஜன்னலைச் சாத்திவிடுங்கள், கெமிக்கல் ஆலை வாடை தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். ஆலப்பாக்கம் தாண்டியதும் திறந்துகொள்ளலாம். இரண்டு பக்கமும் அறுப்புக்கு நின்ற நெல். நான் அதை எங்கே பார்த்தேன்? பையின் மேலேயே விரல்களை வைத்து, பாட்டு வரிசையைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டு வந்தேன். பி.முட்லூரில் இறங்கிய ஒரு அம்மா, “பரிச்சைக்கா போற?” என்று கேட்டுவிட்டுப் போனார். ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

ஒன்றேகால் மணி நேரத்தில் சிதம்பரம். மண்டபம் ஊருக்கு வெளியே பைபாஸ் பக்கம். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவுக்கு நூறு ரூபாய்.

மேடைக்குப் பின்னால் போனேன். சுவரோரம் ஒரு பெரிய பேஸ் பெட்டி சாய்ந்து நின்றது. அதன் சொந்தக்காரர் எழுந்து வணக்கம் சொன்னார். ரஃபி, மங்கலம்பேட்டைக்காரர், விருத்தாசலம் பக்கத்துக் கச்சேரிகளில் வாசிப்பவர். “அருள் வரச் சொன்னாரு” என்றார். எனக்குப் புரிந்துவிட்டது.

அருளைத் தனியாகக் கூப்பிட்டேன். “என்னால முடியாதுன்னு நெனச்சா, மொதல்லயே சொல்லியிருக்கலாமேடா.”

“இல்லக்கா. நடுவுல கை வலிச்சிச்சின்னா நீ சொல்ல மாட்ட. பல்லக் கடிச்சிக்கிட்டு வாசிப்ப. அதுக்குப் பயந்துதான் வரச் சொன்னேன்.” அவன் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்வதுபோல இல்லை. இருந்தாலும் எனக்கு ஆறவில்லை.

குட்டி பேஸை எடுத்து ஒயரைச் சொருகினேன். சத்தம் இல்லை. வேறு ஒயர். அப்போதும் இல்லை. பக்கவாட்டில் எரிய வேண்டிய சின்னச் சிவப்பு விளக்கு எரியவில்லை. சட்டென்று உறைத்தது. முந்தின நாள் பயிற்சி முடிந்து ஒயரைப் பிடுங்காமலே படுத்துவிட்டேன். ஒயர் சொருகியிருக்கும் வரை உள்ளே பேட்டரி செல் ஓடிக்கொண்டே இருக்கும், விடிய விடிய ஓடித் தீர்ந்துபோயிருக்கிறது. இதற்குள் போடுவது சில்லறைக் காசு மாதிரி தட்டையான இரண்டு பட்டன் செல். கடைவீதிக்குப் போய் வர அரை மணியாவது ஆகும். பொண்ணும் மாப்பிள்ளையும் வாசலில் காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தில் பெரிய பேஸ் தயாராக இருந்தது. “நீங்களே வாசிங்க ரஃபி” என்றேன்.

ரஃபி என் கையிலிருந்ததை வாங்கி, பின்பக்க மூடியைத் திறந்து செல்லைப் பார்த்தார். பிறகு பாக்கெட்டிலிருந்து தன் காரின் ரிமோட் சாவியை எடுத்து, நகத்தால் நெம்பிப் பிளந்தார். உள்ளே அதே செல்.

“யக்கா, ஒன்னு இருக்குது. இன்னொன்னு?”

அருள் தன் கார் சாவியை அவரிடம் நீட்டினான்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

“வாசிங்கக்கா. எனக்கும் தோளு ஜாஸ்தியா வலிக்குது, வீட்ல யாருக்கும் சொல்லல” என்றார் ரஃபி. “இந்தச் சின்னது மேடைக்குத் தாங்குதான்னு நானும் பாக்கணும்.” சொல்லிவிட்டு, ஸ்பீக்கருக்கு எதிரே மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

முதல் பாட்டில் என் விரல்கள் வேர்த்து ரப்பர் தந்தியில் ஒட்டின. பாட்டு முடிந்ததும் பாடுகிற பெண்ணிடம் முகப் பவுடர் வாங்கி விரலில் தடவினேன், சரியாகிவிட்டது. இரண்டாவது பாட்டின் சரணத்தில் அந்தக் கடைசிக் கட்டைக்குக் கை போயாக வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இதில் கழுத்து குட்டையல்லவா, விரல் சாதாரணமாகப் போய் உட்கார்ந்தது. மேடைப் பலகை என் பாதத்துக்கு அடியில் அதிர்ந்தது. ரஃபியைப் பார்த்தேன். கட்டை விரலை உயர்த்தவில்லை, சிரிக்கவில்லை. தலை மட்டும் தாளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது. வாசிப்பவர்களுக்குத் தெரியும், அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. நடுவில் இரண்டு வேகப் பாட்டுக்கு நானே அவரை மேடைக்கு அழைத்து இடம் கொடுத்தேன். வலித்ததால் அல்ல. அவ்வளவு தூரம் வந்த மனிதர் வாசிக்காமல் போகக் கூடாது என்பதால்.

முடிந்ததும் மணிக்கட்டு களைத்திருந்தது, வலிக்கவில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அடிபட்டவர்களுக்கு மட்டும்தான் தெரியும். பந்தியில் அருள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “கோவமாக்கா?” என்றான். “அந்த அப்பளத்தை இங்க தள்ளு” என்றேன்.

எதிரே ரஃபி ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டு, இடது கையால் என் குட்டி பேஸின் கழுத்தை அளந்துகொண்டிருந்தார்.

இனி, வாங்க நினைப்பவர்களுக்கு. தந்திகள் புதிதில் இழுபட்டுக்கொண்டே இருக்கும். சுருதி நிற்க மூன்று நான்கு வாரம் ஆகும், அதற்குள் கச்சேரி ஒப்புக்கொள்ளாதீர்கள். வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள். வாசித்து முடித்ததும் ஒயரைக் கட்டாயம் பிடுங்குங்கள், இரண்டு செல் கூடுதலாகப் பையில் போடுங்கள். பெரிய பேஸின் உலோகக் கம்பிச் சத்தம் இதில் வராது. அதுதான் வேண்டுமென்றால் இது உங்களுக்கானதல்ல. கடலூர் வருபவர்கள் சிதம்பரத்தோடு திருவந்திபுரம் கோயிலையும் சேர்த்து ஒரே நாளில் பார்க்கலாம், ஆனால் கையில் வாத்தியம் இருந்தால் முயற்சி செய்யாதீர்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஆலப்பாக்கம் வரைக்கும் நன்றாகத் தூங்கினேன். தோள் முழுசாகச் சரியாகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று ஒரு வருஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். தோள் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. இந்த ஞாயிறு எட்டு மணிப் பூசைக்கு வாசிக்கிறேன்.