மூன்றாம் நீர்மூழ்கிக்குப் போன செய்திகள்

எங்கள் அறையில் இரண்டு மேசைகள். சன்னலோரம் என்னுடையது, சுவரோரம் நாற்பதக்காவுடையது. கடற்படைத் துறைமுகத்தின் பழைய கட்டடத்தில், இரண்டாம் மாடியில், கப்பலில் இருப்பவர்களுக்கு வீட்டாரிடமிருந்து போகும் செய்திகளைக் கவனிக்கும் அறை அது. சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பலகை. இருபத்தேழு ஆணிகள், ஆணிக்கு ஒரு தகரத் தகடு, தகட்டுக்கு ஒரு கப்பல். அன்றைக்கு எங்கள் கடற்படையில் சேவையில் இருந்தது அவ்வளவும்தான்: ஆறு போர்க்கப்பல்கள், ஐந்து கண்ணிவெடி அகற்றும் கப்பல்கள், பத்து ரோந்துக் கப்பல்கள், எண்ணெய்க் கப்பல் ஒன்று, மருத்துவக் கப்பல் ஒன்று, நான்கு நீர்மூழ்கிகள்.

தண்ணீருக்கு மேலே போகிற இருபத்து மூன்றும் என் பொறுப்பு. கடிதம், பொட்டலம், கோபதாபம் எல்லாம் மூட்டை மூட்டையாக வரும். போர்க்கப்பல்களில் மூத்தது பழுதுபார்க்கும் துறையிலேயே குடியிருந்ததால், அதிலிருந்தவர்களுக்குக் கடிதம் எழுதும் நேரத்தில் மனைவிமார் நேரிலேயே வந்து சண்டை போட்டுவிட்டுப் போவார்கள்.

தண்ணீருக்கு அடியில் போகிற நான்கும் நாற்பதக்காவுடையவை. நீர்மூழ்கி கிளம்பிவிட்டால் அது எங்கே இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. அதன் தகட்டைக் கழற்றி அக்கா இழுப்பறைக்குள் வைத்துவிடுவார். சுவரில் வெறும் ஆணி மட்டும் நிற்கும். கடலுக்கடியில் இருப்பவர்களால் பதில் அனுப்ப முடியாது. அனுப்பினால் அது இருக்குமிடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். கேட்க மட்டும்தான் முடியும். வாரத்துக்கு ஒரு முறை, ஒரு வீட்டுக்கு ஒரு செய்தி, நாற்பது சொல். அக்கா எண்ணிப் பார்த்து, தட்டச்சுக் கருவியில் தட்டி, ஒலிபரப்பு நிலையத்துக்கு அனுப்புவார். நாற்பத்தொன்று என்றால் எவ்வளவு கெஞ்சினாலும் நடக்காது. அதனால்தான் அந்தப் பெயர்.

இன்னொரு விதியும் உண்டு. கெட்ட செய்தி கூடாது. சாவு, நோய், விபத்து, சண்டை எதுவும் கூடாது. ஒவ்வொருவரும் கிளம்புவதற்கு முன் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடுவார்கள். வீட்டில் ஏதாவது ஆகிவிட்டால் உடனே சொல்வதா, திரும்பி வந்த பிறகு சொல்வதா என்று இரண்டு கட்டங்கள். எப்படியானாலும் கப்பல் தலைவர்தான் கூப்பிட்டுச் சொல்வார். பெரும்பாலோர் இரண்டாவதில்தான் குறி போடுவார்கள். சொன்னாலும் திரும்பி வர வழியில்லாத இடத்தில் தெரிந்துகொண்டு என்ன செய்வது?

நாற்பதக்காவுக்கு இதில் சொந்த அனுபவம் இருந்தது. அவருடைய தம்பி சரக்குக் கப்பலில் இருந்தபோது அப்பா இறந்துபோனார். நான்கு மாதம், "அப்பா நல்லாயிருக்கார்" என்று அக்கா எழுதிக்கொண்டே இருந்தார். தம்பி வந்து வாசலில் நின்றதும் கேட்ட முதல் கேள்வி, "உன் கை கூசலையா?" அதற்குப் பிறகு அவன் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. இதை என்னிடம் ஒரே ஒரு முறை, கோப்பு தேடிக்கொண்டே, முகத்தைக் காட்டாமல் சொன்னார்.

அந்த வருடம் மூன்றாம் நீர்மூழ்கி பன்னிரண்டு வாரப் பயணம் கிளம்பியது. அதில் ஒலி கேட்கும் பிரிவில் ஒருவர் இருந்தார். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, கடலில் எது எங்கே அசைகிறது என்று கேட்டுச் சொல்வது அவர் வேலை. காதுக்காரர் என்றால் துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் மனைவி புதன்கிழமை தவறாமல் பதினொரு மணிக்கு வந்து செய்திச் சீட்டைக் கொடுத்துவிட்டு, என் சன்னலில் நின்று கொஞ்ச நேரம் கடலைப் பார்ப்பார். "எந்தப் பக்கம்னு கேக்க மாட்டேன், சும்மா பாக்கறேன்" என்பார்.

இரண்டு வாரம் வந்தார். மூன்றாம் வாரம் அவருடைய அக்கா வந்தார். துணி தைக்கிறவர், விரலில் இன்னும் ஊசிக்கவசம் இருந்தது. தங்கைக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லை என்றார். சீட்டு தங்கையின் கையெழுத்துதான். நான்காம் வாரமும் அவரே. ஐந்தாம் வாரமும்.

ஆறாம் வாரச் சீட்டைத் தட்ட உட்கார்ந்த நாற்பதக்கா பாதியில் கையை எடுத்துவிட்டார்.

"ஏன் தம்பி, இந்த வாரம் மழை பெஞ்சுதா?"

"மழையா? ஒரு மாசமா ஒரு சொட்டு இல்லையேக்கா."

சீட்டைத் திருப்பிக் காட்டினார். *நேற்று நல்ல மழை. காயப்போட்ட துணியெல்லாம் நனைந்தது.* சீட்டின் பின்பக்கம் மூலையில் பென்சிலால் சின்னதாக ஆறு என்று போட்டிருந்தது.

தையல்காரம்மா அதற்குள் படி இறங்கிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்க் கூட்டி வந்தேன். நாற்காலியில் உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"உங்க தங்கச்சி எப்படி இருக்காங்க?" என்று அக்கா கேட்டார்.

அவர் ஊசிக்கவசத்தைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். "போயிட்டா. பத்தொன்பது நாள் ஆச்சு."

நாற்பதக்கா சீட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"அவர் கிளம்பறதுக்கு முன்னாடியே அவளுக்குத் தெரியும். சாதாரண கட்டின்னு சொல்லி அனுப்பி வச்சா. ஆஸ்பத்திரிப் படுக்கையில உக்காந்து பத்துச் சீட்டு எழுதினா. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். 'அவ்ளோ ஆழத்துல யார் கையப் புடிச்சுக்கிட்டு அழுவார்? வாரம் ஒண்ணு குடுத்துடு'ன்னா. நான் வாக்கு குடுத்துட்டேங்க."

நாற்பதக்கா எங்கள் அதிகாரியிடம் போனார். அதிகாரி காதுக்காரரின் படிவத்தை எடுத்துப் பார்த்தார். இரண்டாவது கட்டத்தில் குறி இருந்தது. சீட்டுகளை வாங்கிப் படித்தார். "இதுல கெட்ட செய்தி எதுவும் இல்லையே" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அனுப்புங்க" என்றார்.

அதற்குப் பிறகு புதன்கிழமைகளில் நாற்காலியைச் சன்னலிலிருந்து திருப்பிப் போட்டுக்கொள்வேன். காதுக்காரரின் மனைவி நின்ற இடத்தைப் பார்க்கமாட்டேன். அக்கா மட்டும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, இறந்தவர் எழுதிய சொற்களை ஒவ்வொன்றாக எண்ணி அனுப்புவார். ஏழாம் வாரம் புதுத் தலையணை உறை. எட்டாம் வாரம், *பக்கத்து வீட்டு நாய் மூன்று குட்டி போட்டிருக்கிறது, ஒன்று வெள்ளை.*

"இதுவும் கற்பனைதானே?" என்று நான் தையல்காரம்மாவிடம் கேட்டேன். தெரியாமல் கேட்டுவிட்டேன்.

"திங்கக்கிழமை போட்டுச்சு" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "மூணு. ஒண்ணு வெள்ளை. அவ எழுதினப்ப அது சினையா இருந்துச்சான்னுகூட எனக்குத் தெரியாது."

ஒன்பதாம் வாரச் சீட்டை அக்கா தட்டிக்கொண்டிருந்தார். நான் மூட்டை பிரித்துக்கொண்டிருந்தேன். பகல் பதினொன்றரை இருக்கும். மின்சாரம் போய், மின்விசிறி மெதுவாகச் சுற்றி நின்றது. கருவியின் விளக்கும் அணைந்தது. துறைமுகத்தில் அப்படிப் போவது அபூர்வம். அக்கா அசையாமல் இருந்தார். பிறகு சீட்டை என் பக்கம் நீட்டினார். அவர் விரல் நின்றிருந்த வரி: *இன்றைக்குக் கரண்ட் போய்விட்டது. தனியாகத்தான் உட்கார்ந்திருந்தேன். பயமாக இல்லை.*

தற்செயல்தான். வருடத்தில் எந்த வீட்டில்தான் மின்சாரம் போகாது? எந்தத் தெருவில்தான் நாய் குட்டி போடாது? இதையெல்லாம் நான் அன்றைக்கே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் மின்சாரம் வரும்வரை இரண்டு பேரும் அறையில் இருக்கவில்லை, படிக்கட்டில் போய் நின்றுகொண்டோம்.

பன்னிரண்டாம் வாரத்தோடு சீட்டுகள் தீர்ந்தன. அந்த வாரமே, நீர்மூழ்கி திரும்பக் கொஞ்சம் தாமதமாகும் என்று தகவல் வந்தது.

பதின்மூன்றாம் புதன்கிழமை தையல்காரம்மா வெறுங்கையோடு வந்தார். "இப்ப என்னங்க பண்றது?"

செய்தி வராத ஆளின் நிலையை அக்கா கேள்விப்பட்டிருந்தார். எல்லோரும் தங்கள் தாளைப் பிரித்துப் படிக்கும்போது அந்த ஒருவர் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாராம்.

"நீங்களே எழுதுங்க" என்றார் அக்கா.

"எனக்கு ரெண்டு வரி எழுதினா கோணிப் போகுது. அவ பேச்சு எனக்கு வராது. வருஷக்கணக்கா அவ எழுதினதப் படிச்சவங்க நீங்கதான்."

அன்றைக்கு அக்கா சாப்பிடப் போகவில்லை. தையல்காரம்மாவை எதிரில் உட்கார வைத்து, வீட்டில் என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தங்கை போன பிறகு அந்த வீட்டில்தான் அவர் இருந்தார். அக்கா ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார்: பொய் எழுதமாட்டார். நடந்ததை மட்டும், யார் செய்தது என்று சொல்லாமல் எழுதுவார். தாள் தாளாகக் கிழித்தார். சாயங்காலம் கடைசியில் வந்தது இது: *வெள்ளைக்குட்டி கண் திறந்துவிட்டது. மாடித் தொட்டியைக் கழுவியாயிற்று. வாசல் கதவுக்கு எண்ணெய் போட்டதில் இப்போது சத்தமே இல்லை. எல்லோரும் உங்களை நினைத்துக்கொள்கிறார்கள்.* ஒவ்வொரு சொல்லும் உண்மை.

ஆறு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை காலை, மூன்றாம் நீர்மூழ்கி வந்தது. சன்னலிலிருந்து பார்த்தோம். துறையில் குடும்பங்கள் நின்றன. எல்லோரும் இறங்கிய பிறகு, கப்பல் தலைவரோடு காதுக்காரர் கடைசியாக வந்தார். தையல்காரம்மாவைப் பார்த்தார். எதையும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு விநோதமாகப் பட்டது.

அடுத்த வாரம் எங்கள் அறைக்கு வந்தார். பதின்மூன்று தாள்களையும் மேசைமேல் வரிசையாக வைத்தார்.

"எதுவரைக்கும் அவ உயிரோட இருந்தா?"

அக்கா மூன்றாம் தாளைத் தொட்டுக் காட்டினார். அவர் மீதியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மழை, தலையணை உறை, நாய்க்குட்டி.

"இதெல்லாம் நான் நம்பினேன். ஒரு சொல்லுகூட சந்தேகப்படல." பிறகு பதின்மூன்றாம் தாளை எடுத்தார். "இதப் படிச்ச உடனே தெரிஞ்சுபோச்சு."

அக்காவின் முகம் வெளிறிவிட்டது. "அதுல பொய்யே இல்லீங்க."

"இல்லதான். அந்தக் கதவு கிறீச்சுனு கத்தும். எண்ணெய் போடறேன்னு நான் பத்து வருஷமா சொல்றேன். விடவே மாட்டா. 'அந்தச் சத்தம் கேட்டாதான் நீங்க வந்துட்டீங்கன்னு தெரியும்'பா. அவ இருந்தா அந்தக் கதவுக்கு எண்ணெய் விழாது."

தாளை மறுபடி மேசைமேல் வைத்தார்.

"யார்கிட்டயும் சொல்லல. ஆறு நாள் காதுல கருவிய மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். கடல்ல ஒண்ணுமே கேக்கல. கதவுச் சத்தம்தான் கேட்டுச்சு. துறைக்கு வந்ததும் தலைவர் கூப்பிட்டுச் சொன்னப்ப, தெரியும் சார்னேன். அவர்தான் அழுதார்."

"என்னைத் திட்டிடுங்க" என்றார் அக்கா.

"உங்கள எதுக்குங்க திட்டணும்?" தாள்களை அடுக்கி, பதின்மூன்றாவதையும் சேர்த்தே சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். நன்றி சொல்லவில்லை. கோபமும் இல்லை. படி இறங்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

அந்த மாதமே அக்கா அதிகாரியிடம் போய், நீர்மூழ்கிகள் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இருபத்து மூன்று கப்பல்களும் அவர் பக்கம் போயின. நான்கும் எனக்கு வந்தன. கைமாற்றுவதற்கு முன் ஒரு காரியம் செய்தார். செய்திச் சீட்டில் "எழுதிய நாள்" என்று ஒரு வரி சேர்க்க வைத்தார். இன்றும் அந்த வரி இருக்கிறது.

காதுக்காரர் அடுத்த பயணத்துக்கும் கிளம்பினார். இந்த முறை படிவத்தில் முதல் கட்டத்தில் குறி போட்டார்: உடனே சொல்லவும். "இனிமே யாரைப் பத்திச் சொல்ல?" என்று அதிகாரி தயங்கித் தயங்கிக் கேட்டாராம். "இருக்கறவங்களப் பத்தி" என்றாராம் அவர்.

முதல் புதன்கிழமை தையல்காரம்மா என் மேசைக்கு வந்தார். கோணல் மாணலான எழுத்து, பன்னிரண்டே சொற்கள், *நான் அண்ணி எழுதுகிறேன்* என்று தொடங்கியது. கீழே நாள் போட்டிருந்தார். நான் தட்டி அனுப்பினேன். எதிர்மேசையில் அக்கா மூட்டைக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை, ஆனால் நான் தட்டி முடிக்கும்வரை அவர் கை அசையவில்லை.

அக்கா பணி ஓய்வு பெற்று இப்போது மூன்று வருடம். எப்போதாவது பார்க்கப் போவேன். மூத்த போர்க்கப்பல் இன்னும் பழுதுபார்க்கும் துறையில்தானா, எண்ணெய்க் கப்பலுக்குப் புதுச் சாயம் அடித்தாயிற்றா என்று இருபத்து மூன்றையும் பேர் சொல்லி விசாரிப்பார். மற்ற நான்கைப் பற்றிக் கேட்டதே இல்லை. போன மாதம் மட்டும், நான் செருப்பு மாட்டும்போது, "மூணாவது கிளம்பிடுச்சா?" என்றார்.

"அது சொல்லக் கூடாதேக்கா."

"ஆமா, கூடாதுதான்" என்றார். கொஞ்சம் நின்று, "இந்த வாரம் எல்லாருக்கும் செய்தி வந்துடுச்சா, அதையாவது சொல்லு" என்றார்.

வந்துவிட்டது என்றேன்.