குங்குமம் வைத்த குதிரைகள்

இன்று மாத்தளைத் தபால் நிலையத்தில் முத்திரையின் முதுகை நாவால் நனைத்தபோது, அந்தக் கோந்தின் லேசான இனிப்போடு, எல்கடுவைக்கு மேலே மண்சரிவில் போய்விட்ட எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தின் ஒற்றையறைக் காம்பரா நினைவில் திரும்பி வந்தது. அடுப்புப் புகையில் கறுத்த அதன் சுவரில், அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன சித்தியின் கடிதங்களிலிருந்து வெந்நீர் ஆவியில் பிரித்தெடுத்த குதிரை முத்திரைகளைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி வைத்திருந்தேன். கறுப்பு, செம்பழுப்பு, பிடரி பறக்கும் வெள்ளை என்று அத்தனையும், ஒரு குதிரையைக்கூட நேரில் பார்த்திராத எனக்கு, விளக்குச் சுடர் அசையும்போதெல்லாம் மூச்சுவிடுவதாகவே தோன்றும்.

சித்தியின் கடிதங்கள் நின்றுபோன மாதங்களில், அந்த வெள்ளைக் குதிரை முனியாண்டி சாமியுடையதுதான் என்று அம்மா முடிவுகட்டிவிட்டார். கொழுந்தெடுக்கப் போகுமுன் நெருப்புக்குச்சி முனையால் அதன் நெற்றியில் குங்குமம் வைப்பார். பக்கத்துக் காம்பராப் பெண்களும் வந்து தொட்டுக் கும்பிடுவார்கள். முத்திரை பாழாகிறதே என்று நான் அழுதது யார் காதிலும் விழவில்லை.

ஒருநாள் சித்தி பாதி உடம்பாக மெலிந்து வாசலில் வந்து நின்றார்.

“அங்க குதிரையெல்லாம் எப்படி சித்தி ஓடும்?” என்றேன்.

“நான் எங்கம்மா கண்டேன்? வீட்ட விட்டு வெளிய விட்டாத்தானே. முத்திரையெல்லாம் வீட்டுக்காரம்மா ஒட்டினது.”

அம்மா வெள்ளைக் குதிரையைக் காட்டினார். “இதுதாண்டி ஒன்னைய கூட்டியாந்துச்சு.”

சித்தி சுவரருகே போனார். பிறகு குங்குமச் சிமிழை வாங்கி, மிச்சமிருந்த குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்தார். இந்த முறை நான் அழவில்லை. நெருப்புக்குச்சியை எடுத்துக் கொடுத்தேன்.