நாலாவது தலைப்பு

குறிப்பெடுக்க எனக்குக் கல்லூரியில் யாரும் கற்றுத்தரவில்லை. சர்ச்சுக்குப் போய்த்தான் கற்றுக்கொண்டேன். எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனைக்கு வேதாகமத்தோடு பேனாவும் எடுத்துக்கொண்டு போவது வழக்கம். போதகர் "முதலாவதாக" என்று சொன்னதும் பெஞ்சில் இருக்கும் தலைகள் எல்லாம் ஒன்றாகக் குனியும். "இரண்டாவதாக" என்றால் பக்கத்தைத் திருப்புவோம். "மூன்றாவதாக" என்றால் பின்வரிசையில் பைக் சாவியைத் தேட ஆரம்பிப்பார்கள். எந்தப் பிரசங்கத்துக்கும் மூன்று தலைப்புதான். நாலாவதாக ஒன்றை நான் கேட்டதே இல்லை.

அந்தப் பழக்கம் கையில் ஊறிவிட்டது. தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் சமூகவியல் நடத்துகிறேன். எந்தப் பாடமானாலும் கரும்பலகையில் மூன்று தலைப்பு விழும். நாற்பது வயதைத் தாண்டி, வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தபோதும் அப்படித்தான்.

நான் எடுத்துக்கொண்ட விஷயம், பேருந்துக்குக் காத்திருப்பவர்கள். பண்டிகைக்கு முந்தின நாள் தென்மாவட்டம் போகிற கூட்டம் பெருங்களத்தூரில் சாலையோரம் நிற்குமே, அது. கிளாம்பாக்கத்தில் பெரிய நிலையம் வந்த பிறகும் பழக்கம் விடாமல் இங்கேயே வந்து நிற்கிறவர்கள் உண்டு. "பஸ்ஸுக்கு நிக்கிறதுக்கெல்லாம் டாக்டர் பட்டம் குடுக்கிறாங்களா? அப்ப எனக்கு ரெண்டு குடுக்கணும்" என்று மாடிவீட்டு அக்கா சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் எரிந்தது.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன்பு ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வந்திருக்க வேண்டும் என்பது விதி. என் நெறியாளர் கண்டிப்பானவர். கட்டுரையின் திட்டத்தை, அதாவது எந்தத் தலைப்பின் கீழ் என்ன சொல்லப்போகிறோம் என்பதை, முதலில் ஒரே பக்கத்தில் எழுதிக் காட்ட வேண்டும். அது சரியில்லை என்றால் அடுத்த பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். என் திட்டத்தை ஏற்கெனவே ஒருமுறை திருப்பிக் கொடுத்திருந்தார்.

"அவர் இப்படிச் சொன்னார், இவர் அப்படிச் சொன்னார்னு எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வெச்சிருக்கீங்க. சரிம்மா, நீங்க என்ன சொல்றீங்க? அது எங்க?" என்று கேட்டார். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "படிச்சா எல்லாரும் தலையாட்டிக்கிட்டே இருக்காங்க. ஒருத்தர்கூட எழுந்து நின்னு இல்லைன்னு சொல்லலை. நம்புற மாதிரி இல்லை."

திங்கட்கிழமைக்குள் புதிய திட்டத்தை அனுப்ப வேண்டும். அந்த இதழ் தவறினால் என் பதிவுக்காலம் முடிந்துவிடும். கேட்கக்கூடிய நீட்டிப்பையெல்லாம் கேட்டு வாங்கித் தீர்த்திருந்தேன்.

நான் குறிப்பெடுக்கும் விதத்தைச் சொன்னால்தான் வந்த வம்பு புரியும். கட்டுரைகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். நேராகக் குறிப்பு அட்டையில் எழுத எனக்கு வராது. படித்ததை யாரிடமாவது தமிழில் சொல்லிப் பார்த்தால்தான் எனக்கே விளங்கும். அந்த யாரோ என் கணவர். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியர். சாயங்காலம் அவர் வெங்காயம் உரிப்பார், நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே அன்று படித்ததைச் சொல்வேன். அவர் சும்மா கேட்கிற ஆள் இல்லை. "அதெப்படி?" என்று குறுக்கே விழுவார். சண்டை பிடித்து முடித்தபின் கையைத் துடைத்துக்கொண்டு அட்டையில் எழுதுவேன், தமிழில்.

எழுதும்போது ஒரு கெட்டிக்காரத்தனம் செய்துகொண்டிருந்தேன். கட்டுரையில் வரும் ஊர்களை நம் ஊராக மாற்றிவிடுவேன். எங்கோ ஆப்பிரிக்காவில் இருக்கும் லாரி நிறுத்தம் என் அட்டையில் படப்பை மார்க்கெட் ஆகிவிடும். பனியில் ரயில் வராமல் தவித்த ஐரோப்பிய நிலையம், டிசம்பர் மழையில் தாம்பரம் ஆகிவிடும். பேருந்து நிலையம் எந்தத் தேசத்தில் இருந்தாலும் பெருங்களத்தூர்தான். சொன்னவர் பெயரை அட்டையின் தலையில் குறித்துவிடுவேன், குக்கர் விசில் அடித்து மறக்காமல் இருந்தால்.

சனிக்கிழமை சாப்பாட்டு மேசை முழுக்க அட்டைகளைப் பரப்பினேன். மே மாத வெயில். மின்விசிறியைப் போட்டால் எல்லாம் பறக்கும் என்று நிறுத்திவிட்டு வேர்த்து ஊற்ற நகர்த்தி நகர்த்தி அடுக்கினேன். அப்போதுதான் அந்த அட்டை கையில் வந்தது.

'பெருங்களத்தூரில் வழியனுப்ப யாரும் வருவதில்லை. காத்திருப்பவர்களே ஒருவரையொருவர் வழியனுப்பி வைக்கிறார்கள்.'

அவ்வளவுதான் இருந்தது. இன்னொரு முறை படித்தேன். என் கட்டுரை முழுவதும் அதில் இருந்தது. பையை ஜன்னல் வழியாகக் கொடுப்பதும், முன்பின் தெரியாதவரிடம் "பார்த்துப் போங்க" என்பதும், நகர்கிற பேருந்தின் பக்கவாட்டில் தட்டுவதும் நான் கண்ணால் பார்த்தவை. அதையெல்லாம் கோத்துப் பிடிக்க ஒரு நூல் கிடைக்காமல்தான் தவித்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு வரியை மேலே வைத்ததும் மற்ற அட்டைகள் தாமாக மூன்று தலைப்பாகப் பிரிந்து நின்றன.

பிறகுதான் அட்டையின் தலையைப் பார்த்தேன். பெயர் இல்லை.

யார் சொன்னது இது? கையெழுத்து என்னுடையது. தமிழும் என்னுடையது. ஆனால் என் அட்டைகளில் எல்லோரும் என் தமிழில்தான் பேசுகிறார்கள். பெருங்களத்தூர் என்று இருக்கிறதே என்றால், மேசையில் பாதி அட்டையில் அதுதான் இருக்கிறது. இது லண்டனாகவும் இருக்கலாம், லாகோஸாகவும் இருக்கலாம்.

அப்படியே ஆங்கிலத்தில் மாற்றிப் போட்டுவிட்டால் திருட்டைக் கண்டுபிடிக்கும் எந்த மென்பொருளும் பிடிக்காது, தமிழுக்குள் போய் வந்ததாயிற்றே. அந்த எண்ணம் வராமல் இல்லை. பிடிபடுவதைப் பற்றிய பயத்தைவிட வேறு ஒன்று என்னை உலுக்கியது. இத்தனை வருடம் படித்து, இத்தனை அட்டை எழுதி, என்னுடையது என்று சொல்ல எனக்கு ஒரு வாக்கியமாவது உண்டா இல்லையா? பிரசங்கம் கேட்டு எழுதியே வளர்ந்தவள். நான் ஏதாவது சொல்லியிருக்கிறேனா? இதை நினைத்தபோது அழுகை வந்தது. வேர்வையோடு அதையும் துடைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பேனாவைத் திறக்கவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் சேலைகூட மாற்றாமல் மடிக்கணினியில் இருந்த கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் திறந்து தேடினேன். ஒன்றில், காத்திருக்கும் பயணிகள் சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று வந்தது. அவசரமாகப் பக்கத்தைத் தள்ளினேன். அதோடு நின்றுவிட்டது. கையில் இருந்தவை எல்லாம் முடிந்தும் அந்த வரி கிடைக்கவில்லை. அதனால் அது என்னுடையது என்றும் ஆகாது. நூலகத்தில் படித்துத் திருப்பிக் கொடுத்தவை எத்தனையோ.

கணவர் தட்டுகளோடு வந்து நின்றார். "சாப்பிட மேசை கிடைக்குமா? இல்ல, இன்னைக்கு அட்டைதான் சாப்பாடா?"

அட்டையை நீட்டினேன். "இதை நான் எந்தக் கட்டுரையில படிச்சேன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா? உங்ககிட்ட சொல்லியிருப்பேனே."

வாங்கிப் படித்தார். முகம் சுருங்கியது. அட்டையை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"இதை நீ எதுலயும் படிக்கல."

"எப்படிச் சொல்றீங்க?"

"தீபாவளிக்கு முந்தின நாள் பெருங்களத்தூர்ல போய் நின்னுட்டு வந்தே. வந்ததும் வராததுமா சமையல்கட்டுல இதைச் சொன்னே. நான் ஒத்துக்கலை. வழியனுப்பறாங்களாவது, அவங்க துரத்திவிடறாங்க, ஒருத்தன் ஏறிப்போனா நமக்கு முன்னால ஒரு ஆள் குறைஞ்சான்னு சந்தோஷத்துல பையைத் தூக்கிக் குடுக்கறான்னு சொன்னேன். நீ விடல. நானும் விடல. நீ கரண்டியை வெச்சுக்கிட்டு பேசின பேச்சுல நான் ரசம்கூட ஊத்திக்காம எழுந்து போயிட்டேன்."

அவர் எழுந்து போனது எனக்கு நன்றாக நினைவிருந்தது, எதற்காகச் சண்டை என்பதுதான் மறந்துபோயிருந்தது. இரண்டு நாள் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. குழம்பில் உப்பு கூடியதால் வந்த கோபம் என்றே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நிஜமா நான்தான் சொன்னேனா? ஏதோ கட்டுரையில வந்ததைச் சொல்லலையே?"

"கட்டுரையில வந்ததுன்னா நீ இவ்வளவு கத்த மாட்டே. அப்படியா, இருக்கலாம்னு விட்டுடுவே. அன்னைக்கு விடவே இல்ல." தட்டை நகர்த்தி இடம் செய்துகொண்டு உட்கார்ந்தார். "தோத்துப்போன சண்டை மறக்குமா?"

"தோத்தீங்களா? நீங்க ஒத்துக்கவே இல்லையே."

சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார். "பொங்கலுக்கு அம்மாவைப் பார்க்கத் தனியாப் போனேன்ல. பெருங்களத்தூர்ல பஸ் நகரும்போது எவனோ ஒருத்தன் வெளியிலருந்து தட்டி, பத்திரமா போய்ட்டு வாங்க சார்னு சொன்னான். அவனுக்கு அந்த பஸ்ஸே இல்ல, அவன் மதுரை போறவன். நான் ஏறினதுல அவனுக்கு ஒரு லாபமும் கிடையாது. அப்ப உன்னைத்தான் நெனச்சேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. கவிழ்ந்திருந்த அட்டையைத் திருப்பி, தலையில் பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'நான்' என்று எழுதினேன்.

சாப்பிட்டு முடித்ததும் திட்டத்தை எழுத உட்கார்ந்தேன். அந்த வரியை மேலே வைத்தேன். கீழே மூன்று தலைப்பு. எப்போதும்போல அங்கே நிறுத்தப் போனேன். ஒருத்தர்கூட எழுந்து நின்று இல்லை என்று சொல்லவில்லை என்று நெறியாளர் சொன்னது நினைவு வந்தது. எங்கள் சர்ச்சில் யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள். என் சமையல்கட்டில் ஒருவர் எழுந்தே போயிருக்கிறார்.

'4. மறுப்பு: அவர்கள் வழியனுப்பவில்லை, துரத்துகிறார்கள்' என்று எழுதினேன். அதற்கு என் பதிலை எழுத ஆரம்பித்ததும் கை நிற்கவே இல்லை. ஒரு பக்கத்துக்குள் அடக்க எழுத்தைச் சின்னதாக்க வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை அனுப்பினேன். மறுநாள் சாயங்காலம் நெறியாளரின் அழைப்பு வந்தது.

"இப்பதான் இது கட்டுரைத் திட்டம் மாதிரி இருக்கு. நாலாவது தலைப்புல மறுத்துப் பேசறாரே, யார் அவர்? நல்லாப் பேசறார். அவர் எழுதினது எதாவது இருந்தா அனுப்புங்க."

"அவர் எதுவும் எழுதறதில்லை மேடம். பேசறதோட சரி."

"சரி, அதைப் பேட்டின்னு காட்டிடலாம். மேல போட்டிருக்கீங்களே ஒரு வரி, வழியனுப்பறதைப் பத்தி. அது யார் சொன்னது?"

"நான் சொன்னது மேடம்."

அதற்குச் சாட்சி உண்டா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், சாட்சி பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.